டென்சிங் திரும்பி வந்த வருஷம்

பள்ளங்கிக்காரர்களுக்கு உறைபனி என்றால் மார்கழி, தைதான். விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். உருளைக்கிழங்குச் செடி கருகிப் போச்சே என்று பெரியவர்கள் புலம்புவார்கள். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். வருஷம் முழுக்கக் கரையாமல், ஐஸாக இறுகி, ஆறு மாதிரி மெல்ல நகர்ந்து வரும் பனியை நம்மில் பலர் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருப்போம். பழனி மலையின் மிக உயர்ந்த சிகரமே 2,533 மீட்டர். எவரெஸ்டின் அடிவார முகாம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே!

அந்த ஐஸிலேயே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர் டென்சிங் நார்கே. அவர் 1953-ல் உச்சியைத் தொட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய வருஷம் அவர் திரும்பி வந்த கதையை நம்ம மாணவர்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள்.

1914-ல் பிறந்தவர் என்பார்கள். சரியான தேதி அவருக்கே தெரியாது. நேபாளத்தின் கும்பு பகுதியில் வளர்ந்து, பதினெட்டு வயது வாக்கில் பிழைப்புக்காக டார்ஜிலிங் வந்தார். 1935-ல் எரிக் ஷிப்டன் குழுவில் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. 1936, 1938, 1947 என்று மறுபடி மறுபடி போனார். எழுதப் படிக்கத் தெரியாது. பாஷைகள் மட்டும் பல பேசுவார்.

1952 வசந்தத்தில் சுவிட்சர்லாந்துக் குழு கூப்பிட்டது. இந்த முறை அவர் ஷெர்பாக்களின் தலைவர் மட்டுமல்ல, ஏறும் குழுவிலும் ஓர் உறுப்பினர். ஏன் வசந்தம்? குளிர்காலம் முழுக்க உச்சியை அறைகிற மேற்குக் காற்று மே கடைசியில் வடக்கே விலகும். ஜூனில் பருவமழை வந்துவிட்டால் புதுப்பனி கொட்டும். கேரளத்தைத் தொட்டு நம்ம மலைக்குச் சாரல் அனுப்புகிற அதே மழைதான். நடுவில் கிடைப்பது சில நாள்.

வழி முதலில் கும்பு பனிச்சரிவு. வீடு வீடாகப் பெயர்ந்து நிற்கும் ஐஸ் பாளங்கள், நடுவே அடி தெரியாத பிளவுகள். பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் கட்டி, ஐஸ் கோடரியால் படி வெட்டி, ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்துக்கொண்டு ஏற வேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றவர்தான் பிடி. மே 27 அன்று டென்சிங்கும் ரேமண்ட் லாம்பேர்ட்டும் சுமார் 8,400 மீட்டரில் சின்னக் கூடாரம் போட்டார்கள். அடுப்பு இல்லை, தூங்கும் பையும் இல்லை. தாகத்துக்கு, காலி டின்னில் ஐஸ் துண்டைப் போட்டு மெழுகுவர்த்தியில் உருக்கினார்கள். விறைத்துப் போகாமலிருக்க ராத்திரி முழுக்க ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார்கள். லாம்பேர்ட்டுக்குக் கால்விரல்கள் பனிக்கடியில் ஏற்கெனவே போயிருந்தன. இருவருக்கும் பொதுவான பாஷையும் கிடையாது!

மறுநாள் ஆக்ஸிஜன் கருவி நின்றால்தான் வேலை செய்தது. நடந்தால் மூச்சு வரவில்லை. தவழ்ந்துகூடப் போனார்கள். உச்சிக்கு இன்னும் 250 மீட்டர் இருக்கும்போது நின்று, திரும்பினார்கள். மேலே போயிருந்தால் உச்சியைத் தொட்டிருக்கலாம், ஆனால் கீழே வந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே வருஷம் இலையுதிர்காலத்தில் மறுபடி போனார்கள். விழுந்த ஐஸ் கட்டி ஒரு ஷெர்பாவைக் கொன்றது. காற்று விரட்டிவிட்டது. ஆனால் லோட்சே சரிவில் புது வழி பிடிபட்டது. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் குழு ஏறியது அந்த வழியில்தான்.

1953 ஏப்ரலில் கும்பு பனிச்சரிவில் ஹிலாரி ஒரு பிளவைத் தாண்டும்போது விளிம்பு உடைந்து உள்ளே போனார். டென்சிங் கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். கடைசி முகாமில் ஹிலாரி கழற்றி வைத்த பூட்ஸ் கல்லாக உறைந்துபோய், அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. டென்சிங் பூட்ஸைக் கழற்றவே இல்லை, அனுபவம்! மே 29, பகல் 11.30-க்கு உச்சி. கழுத்தில் லாம்பேர்ட் கொடுத்த சிவப்புத் துண்டு. மகள் கொடுத்தனுப்பிய பென்சில் துண்டையும் கொஞ்சம் மிட்டாயையும் பனியில் புதைத்தார்.

கீழே வந்ததும் யார் முதலில் என்று ஊரே பிடித்துக்கொண்டது. 1955-ல் வெளிவந்த தன் கதையில், ஹிலாரி முதலில், நான் பின்னால் என்று அவரே சொல்லி முடித்துவிட்டார். கயிறு பிடித்தவனுக்கு அது ஒரு கேள்வியே இல்லை போலும்.

1954-ல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது களப்பயிற்சி இயக்குநரானார். 1976 வரை பிள்ளைகளுக்குப் படி வெட்டவும் கயிறு பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். பிறந்த தேதி தெரியாததால் மே 29-ஐயே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். 1986-ல் அந்த நாளுக்கு இருபது நாள் முன்னால், மே 9 அன்று காலமானார். தகனம் செய்தது அந்தப் பயிற்சி நிலைய வளாகத்திலேயே. அங்கே அவர் சிலை நிற்கிறது.