டெல்லியின் கற்களைப் படித்தவர், அலிகரில் கல்லூரி எழுப்பியவர்: சர் சையித் அஹ்மத் கான்

அலிகர் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு வெண்தாடியும் துருக்கித் தொப்பியுமாக சர் சையித் அஹ்மத் கானின் படம் நினைவுக்கு வரும். கல்லூரி கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் செய்த ஒரு வேலையை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அதை அறிந்தால்தான் அந்தக் கல்லூரியின் அருமையும் புரியும்.

1817 அக்டோபர் 17 அன்று டெல்லியில், முகலாய அரசவையோடு தொடர்புடைய குடும்பத்தில் அவர் பிறந்தார். தாயார் அஸீஸுன்னிஸா கண்டிப்பும் கருணையும் நிறைந்தவர். மகனின் முதல் ஆசிரியையும் அவரே. தந்தை 1838-ல் இறந்தபின் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதித்துறையில் அவர் வேலைக்குச் சேர்ந்தார்.

டெல்லியில் முன்சீஃபாக இருந்த காலத்தில், விடுமுறை நாட்களில் பழைய கட்டடங்களைத் தேடிப் போவார். பள்ளிவாசல், கப்ருஸ்தான், கோட்டை, கிணறு என ஒவ்வொன்றையும் அளந்து குறித்துக்கொள்வார். குதுப் மினாரின் உயரத்தில் உள்ள எழுத்துகள் தரையிலிருந்து தெரியவில்லை. மூங்கில் சாரம் கட்டி, அதில் தொங்கவிட்ட கூடையில் அமர்ந்து அவற்றைப் பார்த்து எழுதினார். கீழே நின்ற நண்பர் மௌலவி இமாம் பக்ஷ் ஸஹ்பாயீக்கு அச்சத்தில் முகம் வெளிறிப்போகுமாம். இந்த உழைப்பு 1847-ல் ஆஸாருஸ் ஸனாதீத் என்ற உர்து நூலாக வெளிவந்தது. கட்டடங்களோடு, அன்றைய டெல்லியின் ஆலிம்கள், ஹகீம்கள், கவிஞர்கள், கைவினைஞர்கள் பற்றியும் அதில் எழுதினார். ஊர் என்பது கல் மட்டுமல்ல, அங்கு வாழும் மனிதர்களும்தான் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பத்து ஆண்டுகளில் அந்த டெல்லியே இல்லாமல் போயிற்று. 1857 கிளர்ச்சியின்போது அவர் பிஜ்னோரில் பணியில் இருந்தார். டெல்லிக்குத் திரும்பியபோது தாயார் ஒரு பணியாளரின் குடிலில், குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் ஒளிந்திருந்தார். மீரட்டுக்கு அழைத்துச் சென்றும் அந்தத் தாய் பிழைக்கவில்லை. உறவினர்கள் கொல்லப்பட்டார்கள். கூடைக்குக் கீழே நின்று பதறிய ஸஹ்பாயீயும் ஆங்கிலேயரால் சுட்டுக் கொல்லப்பட்டார். செங்கோட்டையைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் பலவும் இடிக்கப்பட்டன. அவற்றில் சில இன்று அவருடைய நூலில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு எகிப்துக்குப் போய்விடலாமா என்றுகூட எண்ணினார். பிறகு, துன்பத்தில் கிடக்கும் சமுதாயத்தைக் கைவிட்டுத் தாம் மட்டும் தப்பிப்பது தகாது என்று தங்கிவிட்டார். முராதாபாத்திலும் காஸீப்பூரிலும் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். ஐரோப்பிய அறிவியல் நூல்களை உர்துவில் தர ஒரு சங்கம் அமைத்தார். 1864-ல் அவருக்கு அலிகருக்கு மாற்றல் வந்தபோது சங்கமும் கூடவே வந்தது. பனாரஸுக்கு அவர் மாற்றலானபின் அதைக் கவனித்துக்கொண்டவர் நண்பர் ராஜா ஜெய்கிஷன் தாஸ்.

1869-ல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜைப் பார்த்தார். மாணவர்கள் ஆசிரியர்களோடு தங்கிப் படிக்கும் முறை அவரைக் கவர்ந்தது. திரும்பி வந்ததும், அதுபோன்ற ஒன்றை இங்கே அமைக்க நிதி திரட்டத் தொடங்கினார்.

இடமாக அலிகர் தேர்வானது. கோல் என்பது அந்த ஊரின் பழைய பெயர். மேட்டின் மேல் 18-ஆம் நூற்றாண்டு ஜாமிஆ மஸ்ஜித், அதைச் சுற்றி நெருக்கமான தெருக்கள். பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன ஊர். டெல்லியிலிருந்து வரும் ரயில் பாதையில் இருந்தது. ஊருக்கு வெளியே, ராணுவம் கைவிட்ட அணிவகுப்பு மைதானம் கல்லூரிக்குக் கிடைத்தது. 1875 மே 24 அன்று பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1877 ஜனவரி 8 அன்று கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பணத்துக்காக அவர் ஏறாத படி இல்லை. புத்தகம் விற்றார், லாட்டரி நடத்தினார், முதுமையில் மேடையேறவும் செய்தார். கேலி செய்தவர்களைப் பொருட்படுத்தவில்லை. கொடுத்தவர்களின் பெயர்களைச் சுவர்களில் கல்லில் பொறித்தார். அவற்றில் முஸ்லிம் பெயர்களும் உண்டு, ஹிந்துப் பெயர்களும் உண்டு. அந்தக் கல்லூரியில் முதலில் பட்டம் பெற்றவர் ஈஸ்வரி பிரசாத் என்ற ஹிந்து மாணவர். மறைந்தோரின் எழுத்துகளைத் தேடிப் படித்தவர், தம் காலத்து மக்களின் பெயர்களை வருங்காலம் படிக்கும்படி எழுதிவைத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவரைப் பற்றிப் பேசும்போது ஆலிம்களாகிய நாம் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. குர்ஆன் விளக்கத்தில் அவர் எழுதிய பல கருத்துகளை உலமாக்கள் மறுத்தார்கள். அவருக்கு எதிராக ஃபத்வாக்கள் வந்தன. மதரஸாவில் ஓதிய நாமும் அந்தக் கருத்துகளை ஏற்கவில்லை. ஆனால் அவர் தம் கருத்துகளைக் கல்லூரியின் மார்க்கப் பாடத்தில் புகுத்தவில்லை. 1880-ல் தேவ்பந்த் மதரஸாவின் நிறுவனர்களில் ஒருவரான மௌலானா முஹம்மது காசிம் நானூத்தவி (ரஹ்) வஃபாத்தானபோது, அவருடைய தக்வாவைப் போற்றித் தம் பத்திரிகையில் உருக்கமாக எழுதினார். கருத்து வேறுபாட்டோடு கண்ணியத்தையும் காக்க முடியும் என்பதற்கு இது போதுமான சான்று.

குறைகளும் இருந்தன. விடுதியில் தங்கியவர்களில் பெரும்பாலோர் வெளியூர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ரயில் பாதைக்கு இந்தப்பக்கம் கல்லூரி, அந்தப்பக்கம் பூட்டுப் பட்டறைகள் நிறைந்த பழைய ஊர். அந்த இடைவெளி எளிதில் குறையவில்லை. பெண்களின் கல்லூரிப் படிப்புக்கும் அவர் முன்னுரிமை தரவில்லை. அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1906-ல் ஷைக் அப்துல்லாஹ்வும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும்தான் அலிகரில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள்.

கடைசி ஆண்டுகள் அவருக்குக் கசப்பானவை. கல்லூரியின் எழுத்தர் ஒருவர் பெருந்தொகையைக் கையாடியது 1895-ல் தெரியவந்தது. 1898 மார்ச் 27 அன்று ஒரு நண்பரின் வீட்டில் அவர் காலமானார். கல்லூரிப் பள்ளிவாசல் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1920-ல் கல்லூரி பல்கலைக்கழகம் ஆயிற்று.

அவர் 1886-ல் தொடங்கிய கல்வி மாநாடு 1901-ல் நம் சென்னையில் கூடியது. அதையொட்டிப் பிறந்த தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கமே பின்னர் 1951-ல் புதுக்கல்லூரியைத் தொடங்கியது. அலிகரின் விதை நம் மண்ணிலும் விழுந்தது என்பதற்கு அது சாட்சி.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் பழைய கல்வெட்டுகள் உண்டு. புதுப்பிக்கும்போது அவற்றின் மேல் சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம், அல்லது பெயர்த்து மூலையில் போட்டுவிடுகிறோம். அடுத்த ஜும்ஆவுக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிச் சென்று, அந்தக் கல்லில் யார் பெயர் இருக்கிறது என்று படிக்கச் சொல்வோம். அவர்கள் கொடுத்ததில்தான் நாம் ஓதினோம். அவர்களுக்காக துஆச் செய்வோம். நாளைய பிள்ளைகளுக்காக நம் பெயரும் எங்காவது ஒரு சுவரில் இடம்பெற அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.