ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

கொடுப்பதற்கு மனமுடையோர் உலகிற் பலர் உளர்; கொடுக்கும் பொருள் பெறுவோர்க்கு வேண்டுவதுதானா எனக் கேட்டறிவோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்து விளங்கியவர் அமெரிக்க நாட்டு ஜேன் ஆடம்ஸ் அம்மையார்.

இவர் 1860ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6ஆம் நாள், இல்லினாய் மாகாணத்துச் சீடர்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் மாவு ஆலையொன்றின் உரிமையாளர்; மாகாணச் சட்டசபையிலும் பல்லாண்டு வீற்றிருந்தவர். இரண்டு வயதிலேயே தாயை இழந்த குழந்தை தந்தையாரின் நிழலிலேயே வளர்ந்தது. ஏழு வயது நிரம்புமுன் ஒருநாள், பக்கத்து நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தெருவைக் கண்டு வருந்திய அச்சிறுமி, தான் வளர்ந்தபின் பெரிய வீடொன்றில் வாழப்போவதாகவும், அவ்வீடு இத்தகைய சிறு வீடுகளின் நடுவிலேயே இருக்குமென்றும் தந்தையாரிடம் உறுதியாய்க் கூறினாள்.

ராக்போர்டுக் கலாசாலையில் 1881இல் இவர் கல்வியை முடித்தார். அவ்வாண்டே தந்தையார் காலமானார். மருத்துவம் பயிலத் தொடங்கிய அம்மையார், முதுகெலும்பு நோயினால் அதனைக் கைவிட நேர்ந்தது. கற்ற கல்வி யாருக்குப் பயன்படும் என்றறியாது பல ஆண்டுகள் மனம் சோர்ந்திருந்தார். 1888இல் லண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியிலுள்ள டாயின்பி மண்டபத்தைக் கண்டபொழுது அவருக்கு வழி புலப்பட்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளிற் பயின்ற இளைஞர்கள் அங்கே ஏழைகளின் அயலாராய்க் குடியிருந்து தொண்டு புரிந்துவந்தனர்.

மறு ஆண்டு செப்டம்பர் மாதத்தில், எல்லன் ஸ்டார் என்னும் தோழியுடன், சிகாகோ நகரத்து ஹால்ஸ்டெட் தெருவிலிருந்த ஹல் மாளிகையில் அம்மையார் குடிபுகுந்தார். இத்தாலியர், ஜெர்மானியர், யூதர் முதலிய பல நாட்டு ஏழைத் தொழிலாளர் சுற்றிலும் வாழ்ந்தனர். அங்குக் கொண்டாடிய முதற் கிறிஸ்துமஸ் விழாவிற் சிறுமியர்க்கு மிட்டாய் வழங்கப்பட்டது. சிலர் அதனை ஏற்க மறுத்தனர். காரணம் வினவியபொழுது, அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் ஆறு வாரங்களாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை உழைத்தவர்கள் என்பதும், அதனைக் காணவும் சகியாதவர்கள் என்பதும் தெரியவந்தன. அன்புடன் நீட்டிய கை அறியாமையால் நாணி நின்றது. அக்குளிர்காலத்திலேயே, சில டாலர் விலையுள்ள காப்பு இல்லாமையால், ஆலை இயந்திரம் ஒன்றில் மூன்று சிறுவர் காயமுற்றனர், ஒருவன் மாண்டான்.

அன்றுமுதல் கேட்டறிதலே ஹல் மாளிகையின் முதற்கடமையாயிற்று. அங்கு வந்துசேர்ந்த பிளாரன்ஸ் கெல்லி அம்மையார் முதலியோர் தொழிற்கூடங்களின் நிலையை ஆராய்ந்து வெளிப்படுத்தினர். அதன் பயனாக, பதினான்கு வயதிற்குட்பட்டோரை ஆலைவேலையில் அமர்த்தலாகாது என்னும் சட்டம் 1893இல் இல்லினாய் மாகாணத்திற் பிறந்தது. அதே சட்டத்திற் பெண்களுக்கு எட்டுமணி வேலை விதித்த பகுதியை 1895இல் நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது. ஆயினும் அவர்கள் தளரவில்லை. அவ்வாண்டிலேயே, வீடுவீடாகச் சென்று திரட்டிய கூலிக் கணக்கையும் குடிகளின் இனத்தையும் வண்ணப் படங்களாக வரைந்து நூலாக்கினர்.

பிழைசெய்த சிறுவரை முதிர்ந்த குற்றவாளிகளுடன் சிறையில் அடைக்கும் வழக்கத்தையும் இவர்கள் எதிர்த்தனர். 1899இல் சிகாகோவில் அமெரிக்காவின் முதற் சிறுவர் நீதிமன்றம் தோன்றியது. நகரம் இளைஞரின் உழைப்பை வாங்குகிறது, அவர்தம் விளையாட்டு வேட்கையையோ வணிகரிடம் விட்டுவிடுகிறது. அதனாலேயே பலர் வழிதவறுகின்றனர் என்பதனை, இளமையின் உணர்வையும் நகரத் தெருக்களையும் பற்றி 1909இல் எழுதிய நூலில் அம்மையார் விளக்கினார்.

முதல் உலகப்போரை எதிர்த்தமையால் பெரும் பழிச்சொல்லுக்கு ஆளானார். 1931இல் நோபல் சமாதானப் பரிசில் பங்கு பெற்றார். 1935ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் சிகாகோவில் உயிர்நீத்தார்.

மாணவத் தோழர்களே, விடுமுறை நாட்களில் வினாத்தாள் ஏந்தி இளைஞரின் இன்னல்களை ஆராயச் செல்கிறோம். விடைகளை எண்ணிக் கூட்டித் தேர்வுக்கு ஒப்படைத்தவுடன் பணி முடிந்ததென எண்ணுவது எளிது. மிட்டாயை மறுத்த சிறுமியரின் விடை ஒரு சட்டத்திற்கு வித்திட்டது. நம்மிடம் விடை கூறியோர்க்கு நாமும் கடன்பட்டுள்ளோம் என்பதனை மறவாதிருப்போமாக.