கால்டுவெல் எடுத்த விடுப்பு

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஓய்வு நாள். போதகருக்கோ வாரத்திலேயே வேலை மிகுந்த நாள். இராபர்ட் கால்டுவெல்லின் வாழ்க்கையைப் படிக்குந்தோறும் இம்முரண் என் நெஞ்சில் நிழலாடும்.

அயர்லாந்தில் 1814-ல் பிறந்த அவர், 1838-ல் சென்னை வந்து, 1841-ல் நெல்லைச் சீமையின் தேரி மணல் சூழ்ந்த இடையன்குடியில் குடியேறினார். 1844-ல், நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை மணந்தார். கணவர் ஆலயத்தை எழுப்ப, மனைவி பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்பித்தார். இருவருக்கும் வார இறுதி என்பதே இல்லை.

உடல்நலம் குன்றியதால் 1854-ல் கால்டுவெல் விடுப்பில் தாயகம் சென்றார். அங்கும் அவர் ஓயவில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ல் லண்டனில் வெளிவந்தது. எல்லிஸ் 1816-ல் சுட்டிய கருத்து, அந்நூலில் விரிவான சான்றுகளுடன் நிலைபெற்றது: தமிழும் அதன் இனமொழிகளும் வடமொழியின் கிளைகள் அல்ல, தனிக் குடும்பம்.

1877-ல் ஆயராகி, 1891 சனவரியில் பொறுப்பைத் துறந்தார். ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் காலமானார். அரை நூற்றாண்டுப் பணிக்குக் கிடைத்த ஓய்வு ஏழே மாதங்கள்! உடல் மட்டும் மலையிறங்கி, அவர் கட்டிய இடையன்குடி ஆலயத்துக்கே திரும்பியது.

சென்னைக் கடற்கரையில் 1968 முதல் நிற்கும் அவரது சிலையைக் கடக்கையில் நன்றி பெருகுகிறது. கூடவே உறுத்தலும் எழுகிறது. ஒரு நோயாளியின் விடுப்பில் விளைந்த நூலை நாம் கொண்டாடுகிறோம். அதற்காக, ஓய்வின்றி உழைப்பதே அறம் என்று பிறருக்கு விதிக்க நமக்கு உரிமையில்லை. எலைசாவின் உழைப்பையும் சேர்த்து எண்ணும்போது இது இன்னும் தெளிவாகிறது.