குறைமாதப் பிறப்பும் இதய நலமும்: ஐசக் நியூட்டனின் வாழ்க்கை

நீங்கள் பள்ளியில் படித்த ஐசக் நியூட்டன், 1642ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வூல்ஸ்தோர்ப் சிற்றூரில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். பிறப்பதற்கு மூன்று மாதங்கள் முன்பே தந்தை இறந்திருந்தார். பிழைக்கமாட்டார் எனக் கருதப்பட்ட அவர், 1687இல் ஈர்ப்பு விதியை விளக்கும் நூலை வெளியிட்டார். 84 வயது வரை வாழ்ந்தார்.

ஆகவே, குறைமாதப் பிறப்பு ஒருவரின் ஆயுளை முடிவுசெய்துவிடாது. எனினும் கவனம் தேவை. 37 வாரங்கள் நிறைவடையுமுன் பிறப்போரின் இதயத்தசையும் இரத்தக்குழாய்களும் முழு வளர்ச்சி பெறுமுன்பே வெளியுலக வாழ்வின் சுமையை ஏற்கின்றன. அதனால் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது.

நியூட்டன் காலத்தில் இரத்த அழுத்தமானி இல்லை. இன்று கிணத்துக்கடவுப் பகுதி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தத்தை இலவசமாக அளந்துகொள்ளலாம். நீங்கள் குறைமாதத்தில் பிறந்தவரெனில், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதனைத் தெரிவியுங்கள், ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.