பறவைப் பேச்சுக்கு எழுத்து தந்தவர்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அடிக்கடி அடிபடும் பெயர் வியட்நாம். ஆடை ஏற்றுமதியில் அது நமக்குப் போட்டி நாடு. அந்த நாட்டுப் பேச்சு விசித்திரமானது. ஓசை மாறினால் பொருளே மாறிவிடும்!

'மா' என்று சமமாகச் சொன்னால் பேய். குரலை உயர்த்தினால் கன்னம். தாழ்த்தினால் 'ஆனால்'. இறக்கி ஏற்றினால் கல்லறை. நடுவில் உடைத்து எழுப்பினால் குதிரை. அழுத்தி வெட்டினால் நெல் நாற்று!

இந்த ஆறு ஓசைகளையும் பிரித்துக் காட்டி அச்சில் ஏற்றியவர் அலெக்சாண்டர் டி ரோட் என்ற பாதிரியார்.

சிறுவனே ஆசிரியர்

இன்று பிரான்சில் உள்ள அவிஞோன் நகரில் பிறந்தவர். 1619-ல் கோவா வந்தார். 1622-ல் தூத்துக்குடி வழியாகக் கிழக்கே போனார். 1624-ல் வியட்நாமில் இறங்கினார்.

மக்கள் பேசியது பறவைகள் கத்துவது போல அவர் காதில் விழுந்தது. நம்பிக்கை இழந்தார். ஆனால் பினா என்ற பாதிரியார் அந்த மொழியைச் சரளமாகப் பேசினார். அதைக் கண்டு துணிந்தார். ஓர் உள்ளூர்ச் சிறுவன் மூன்றே வாரத்தில் எல்லா ஓசைகளையும் சொல்லிக் கொடுத்தான்!

கேள்வி கேட்பது எப்படி?

நாம் 'சாப்பிட்டாச்சு' என்பதன் கடைசியில் குரலை உயர்த்தினால் அது கேள்வி. அங்கே அப்படி உயர்த்தினால் சொல்லே மாறிவிடக் கூடும். ஆகவே 'இல்லை' என்ற பொருள் உள்ள சொல்லைக் கடைசியில் சேர்த்துக் கேட்பார்கள்.

கோபம் வந்தால் பேச்சு முழுவதும் மேலே ஏறும். ஆனாலும் ஒவ்வொரு சொல்லின் ஓசையும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். சுருதியைக் கூட்டினாலும் பாட்டின் மெட்டு மாறாதல்லவா? அதைப்போல!

மரண தண்டனை

1630-ல் ரோட் நாடு கடத்தப்பட்டார். 1640-ல் திரும்பினார். 1644-ல் அவருடைய 19 வயது சீடர் ஆந்திரே கொல்லப்பட்டார். 1645-ல் ரோட்டுக்கும் மரண தண்டனை! பிறகு அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது.

1651-ல் ரோம் நகரில் அவருடைய அகராதி அச்சாயிற்று. வியட்நாம், போர்ச்சுகீசியம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகள் அதில் உண்டு. அது அவர் ஒருவர் உழைப்பு அல்ல. எழுத்து வேலையைத் தொடங்கிய பினா 1625-லேயே நீரில் மூழ்கி மாண்டார். அமரால், பார்போசா என்ற இருவர் தொகுத்த சொற்களையும் ரோட் பயன்படுத்தினார். அவர்களும் அச்சைப் பார்க்காமலே இறந்தார்கள்.

ரோட் 1660-ல் பாரசீகத்தில் காலமானார். அந்த எழுத்து 20-ம் நூற்றாண்டில் நாடு முழுவதும் பரவியது. வியட்நாம் குழந்தைகள் இன்று படிப்பது அதில்தான். எழுத்துக்கு மேலும் கீழும் சிறு குறிகள் இருக்கும். ஒரு சிறுவன் அன்று ரோட்டுக்குச் சொல்லிக் கொடுத்த ஓசைகள் அவை.