வேடன் காவலன் ஆன வரலாறு

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இன்று ஒரு வேட்டைக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்தாம் ஜிம் கார்பெட். காட்டோரக் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவன் என்ற முறையில் அன்னாரின் வாழ்க்கையை நம் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1875ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள நைனிடாலில் அவர் பிறந்தார். அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவராயிருந்த தந்தை, மகனின் சிறுவயதிலேயே மறைந்தார். பெரிய குடும்பம், கல்லூரிப் படிப்புக்கு வழியில்லை. இளவயதிலேயே ரயில்வேயில் சேர்ந்தார். அந்நாளில் எஞ்சின்கள் விறகில் ஓடின. அவ்விறகை வெட்டி அனுப்புவதை மேற்பார்ப்பதே வேலை. காட்டின் காவலர் எனப் பின்னாளில் புகழப்பட்டவரின் முதற் சம்பளம் காட்டை வெட்டியதில் வந்தது! பின்னர் மொகாமா படித்துறையில் சரக்குகளைக் கங்கையின் அக்கரைக்கு அனுப்பும் ஒப்பந்தத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்.

1907இல் சம்பாவத் பகுதியே நடுங்கிக் கிடந்தது. நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி ஒன்று அங்கே உலவியது. தாசில்தார் திரட்டிய ஏறத்தாழ முந்நூறு பேர் மலைமுகட்டில் நின்று ஆரவாரம் செய்ய, கார்பெட் பள்ளத்தாக்கில் அதனை எதிர்கொண்டார். தம் தோட்டாக்கள் தீர்ந்துபோகவே, தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக் கடைசிக் குண்டைச் சுட்டார்.

விலங்கியல் படிக்கும் எனக்கு அதற்குப் பின் நடந்ததே பெரிதாகப் படுகிறது. செத்த புலியின் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ எவரோ சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைக் கொல்லும் வலுவிழந்த விலங்கு மனிதனைத் தேடி வந்தது. வேறொரு புலிக்கு ஒரு கண் போயிருந்தது. உடலில் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்துப் புண்ணாகியிருந்தன. ஆட்கொல்லி பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது என்பதை இப்படி ஒவ்வொரு உடலாகப் பார்த்தே அவர் கண்டார். மாட்டைப் பறிகொடுத்தவரிடம் இதை எடுத்துரைப்பது எளிதன்று. எங்கள் ஊரில் நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அன்னாரைக் குறையற்றவர் என்று எழுத மாட்டேன். 1930இல் ஆட்கொல்லியல்லாத மிகப் பெரிய புலியொன்றைப் பவல்கரில் பெருமைக்காகச் சுட்டார். அது எனக்கு ஏற்புடையதன்று.

சாம்பியன் என்ற வன அதிகாரி புலிகளை நிழற்படம் எடுத்து வந்தார். அவர் வழியில் கார்பெட்டும் சினிமாக் கருவியைக் கையில் எடுத்தார். கருவி சுழலும் ஒலி கேட்டாலே புலி மறைந்துவிடும். என்ன செய்தார் தெரியுமா? ஓடையொன்றில் சின்னஞ்சிறு அணைகளைக் கட்டினார்! வழிந்து விழும் நீரின் ஓசையில் கருவியின் ஒலி அடங்கிப் போயிற்று. மாதக்கணக்கில் காத்திருந்து புலிகளைப் படம் பிடித்தார்.

இன்று காடு காண வருவோர் எப்படி? என் அண்ணன் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். அவர் அனுப்பும் பணத்தில்தான் நான் படிக்கிறேன். ஆதலால் பயணிகளே வேண்டாமென எழுத என் கை வராது. ஆனால் ஒரு விலங்கு தென்பட்டதும் வண்டிகள் வழியை அடைத்துக்கொள்வதையும், பயணிகள் கூச்சலிட்டுக் கைபேசியை நீட்டுவதையும் அவரே வருந்திச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கார்பெட்டின் முயற்சியும் சேர்ந்து 1936இல் உருவானது ஹெய்லி தேசியப் பூங்கா. ஐக்கிய மாகாண ஆளுநரின் பெயர் அது. காலாதுங்கிக்கு அருகே சோட்டி ஹல்துவானி என்னும் சிற்றூரில் குடியானவர்களைக் குடியமர்த்தி, காட்டு விலங்குகள் பயிரை அழிக்காதபடி சுற்றிலும் கல்மதிலும் எழுப்பினார். புலிக்காகப் பேசியவர் உழவனை மறக்கவில்லை.

1947இல் தமக்கை மேகியுடன் கென்யா சென்று நையேரியில் தங்கினார். 1952இல் இளவரசி எலிசபெத் அத்திமரத்தின் மேல் அமைந்த விடுதியில் விலங்குகளைக் கண்ட இரவில் கார்பெட்டும் உடனிருந்தார். அன்றிரவே தந்தை இறக்க, ஏறிய இளவரசி அரசியாக இறங்கினார். 1955 ஏப்ரல் 19இல் கார்பெட் மறைந்தார்.

1957இல் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. அதே கார்பெட் காட்டில், பயணிகளுக்குப் புலி காட்டும் சஃபாரிக்காகச் சட்டத்துக்குப் புறம்பாக மரங்கள் வெட்டப்பட்டன. அவ்வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காட்டின் உட்பகுதியில் அத்தகைய சஃபாரி கூடாதெனத் தீர்ப்பளித்தது. அச்செய்தியை அண்ணன்தான் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டினார்.