கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட வழி செய்த கேரி கில்டால்

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் கம்பி வழியாக எங்கிருந்தோ ஒரு புரோகிராம் வந்து சேருகிறது. அதன் பெயரைத் தட்டி, என்டர் பொத்தானை அழுத்தியதும் அது ஓடத் தொடங்குகிறது.

இன்று இது சின்ன விஷயம். 1970-ம் ஆண்டில் சாதாரண வீடுகளில் இதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

இதற்கு வழி செய்தவர், கேரி கில்டால் என்ற அமெரிக்கர். கைக்கு வந்த பெரும் பணத்தைக் கோட்டை விட்டவர் என்றுதான் பலர் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை.

மாலுமிப் பள்ளிக்கூடம்

கில்டால், 1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் சியாட்டில். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் அது.

கில்டாலின் தாத்தா அங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். கப்பலை வழி தவறாமல் செலுத்தும் கணக்கை மாலுமிகளுக்கு அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். தந்தையும் அதே பள்ளியில் வாத்தியார். கேரியும் வாலிப வயதில் அங்கே பாடம் நடத்தினார்.

நடுக்கடலில் கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிய, நட்சத்திரத்தைப் பார்த்து நீண்ட கணக்குப் போட வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் விடை சொல்லும் ஒரு யந்திரம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்பது தந்தையின் வெகு நாள் ஆசை. அந்த ஆசை மகன் மனத்திலும் தங்கி விட்டது.

கில்டால், வாஷிங்டன் சர்வகலாசாலையில் படித்தார். கணக்கு வாத்தியார் ஆவதுதான் முதலில் எண்ணம். கம்ப்யூட்டரைக் கண்ட பிறகு மனம் அதிலேயே போய் விட்டது. 1963-ம் ஆண்டில், பள்ளித் தோழி டோரத்தியைத் திருமணம் செய்து கொண்டார்.

அது வியட்நாம் யுத்த காலம். கில்டால் கடற்படையில் சேர்ந்தார். யுத்தத்துக்குப் போகவில்லை. கலிபோர்னியாவில் மாண்ட்டரே என்ற ஊரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் ஆசிரியர் உத்தியோகம் கிடைத்தது.

25 டாலர் விளம்பரம்

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு அறையை அடைத்துக் கொண்டு நிற்கும். அதை வாங்கும் சக்தி சர்க்காருக்கும் பெரிய கம்பெனிகளுக்கும்தான் உண்டு.

1971-ம் ஆண்டு இன்டெல் கம்பெனி, 4004 என்ற சிறு சில்லை வெளியிட்டது. 25 டாலருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று வந்த விளம்பரம் கில்டாலின் கண்ணில் பட்டது. தந்தை ஆசைப்பட்ட கப்பல் கணக்கு யந்திரத்தை இதை வைத்துச் செய்து விடலாம் என்று நினைத்தார்.

அந்தச் சில்லுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. கணக்கு யந்திரம் நினைத்தபடி வரவில்லை. ஆனால் கில்டால் சில்லை விடவில்லை. ஓய்வு நாட்களில் இன்டெல் கம்பெனிக்கே போய் வேலை செய்தார். புதிய சில்லுகளுக்குப் புரோகிராம் எழுதுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் பாஷையையும் உண்டாக்கினார்.

கணக்குப்பிள்ளை வந்தார்

அப்போது ஃப்ளாப்பி டிஸ்க் என்ற காந்தத் தகடு வந்திருந்தது. கில்டாலுக்குப் பழைய டிஸ்க் யந்திரம் ஒன்று கிடைத்தது. அதைச் சில்லோடு இணைக்கப் படாத பாடுபட்டார். முடியவில்லை. கடைசியில் ஜான் டொரோடு என்ற நண்பர் உதவிக்கு வந்தார்.

கிடங்கு நிறைய மூட்டை இருந்தால் மட்டும் போதுமா? எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த கணக்குப்பிள்ளை வேண்டாமா? டிஸ்க்குக்கு அப்படி ஒரு கணக்குப்பிள்ளையைக் கில்டால் எழுதினார். அதுதான் சி.பி.எம். என்ற புரோகிராம். 1974-ம் ஆண்டில் அது முதன் முதலாக ஓடியது.

திரையில் ஏ என்ற ஆங்கில எழுத்து தெரியும். பக்கத்தில் ஒரு கூர்முனைக் குறி. முதல் டிஸ்க்கின் முன் நிற்கிறேன், உத்தரவு என்ன என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது டிஸ்க்குக்கு பி என்று பெயர்.

டிர் என்று தட்டினால், டிஸ்க்கில் உள்ள ஃபைல்களின் பெயர்களை வரிசையாகக் காட்டும். டைப் என்று தட்டி ஒரு ஃபைலின் பெயரைச் சேர்த்தால், அதில் எழுதியிருப்பதைக் காட்டும். ரென் என்றால் பெயரை மாற்றும். எரா என்றால் அழித்து விடும்.

முக்கியமான வித்தை வேறு. சி.பி.எம்.முக்குத் தெரியாத ஒரு சொல்லைத் தட்டினால், அது உடனே கையை விரிக்காது. அந்தப் பெயரில், காம் என்ற வால் உள்ள ஃபைல் டிஸ்க்கில் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதை நினைவகத்தில் ஏற்றி, யந்திரத்தையே அதன் கையில் ஒப்படைத்து விடும். இல்லாவிட்டால், தட்டிய பெயரையே திருப்பிக் காட்டி ஒரு கேள்விக் குறி போடும். அவ்வளவுதான்!

பெரிய கம்ப்யூட்டர்களில் இப்படி உத்தரவு போடும் வழக்கம் முன்பே உண்டு. கில்டால் அதைச் சிறிய யந்திரத்துக்குக் கொண்டு வந்தார். இன்னொன்றும் செய்தார். யந்திரத்துக்கு யந்திரம் மாறும் விஷயங்களை எல்லாம் ஒரு சிறு பகுதியில் தனியாக ஒதுக்கினார். அதற்கு பயாஸ் என்று பெயர். அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். ஒருவர் எழுதிய புரோகிராம், வேறு கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

வீட்டிலே வியாபாரம்

இன்டெல் கம்பெனியிடம் இதைக் காட்டினார். அவர்கள் அக்கறை காட்டவில்லை. கணவனும் மனைவியும் பசிபிக் குரோவ் என்ற கடற்கரை ஊரில் தாங்களே கம்பெனி தொடங்கினார்கள். டோரத்தி வரவு செலவையும் வியாபாரத்தையும் கவனித்தார். ஒரு பிரதி 70 டாலர். 1981-ம் ஆண்டுக்குள் இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் போய் விட்டன.

சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சன் என்பவர், 1977-ம் ஆண்டில், டெலிபோன் வழியாக ஃபைல் அனுப்பும் புரோகிராம் எழுதினார். ஃபைலை 128 எழுத்துக்கள் கொண்ட துண்டுகளாக்கி அனுப்பும். ஒவ்வொரு துண்டும் சரியாக வந்ததா என்று சோதிக்கும். தவறினால் மறுபடி அனுப்பச் சொல்லும். சி.பி.எம். டிஸ்க்கில் ஒரு கட்டத்தின் அளவும் 128 எழுத்துக்களே. அடுத்த ஆண்டில் அவரும் நண்பர் ராண்டி சூயசும் டெலிபோனில் கூப்பிடக் கூடிய அறிவிப்புப் பலகையை ஏற்படுத்தினார்கள். அது முதல், முன்பின் தெரியாதவர்கள் எழுதிய புரோகிராம்கள் வீடு தேடி வந்தன. இறக்கிக் கொண்டு, பெயரைத் தட்டினால் ஓடின.

கெட்ட புரோகிராமைத் தடுக்கும் காவல் எதுவும் சி.பி.எம்.மில் கிடையாது. ஓட விட்டால் யந்திரம் முழுவதும் அதன் வசம்தான்.

விமானக் கதை

1980-ம் ஆண்டு, ஐ.பி.எம். கம்பெனியின் ஆட்கள் பசிபிக் குரோவுக்கு வந்தார்கள். அவர்கள் ரகசியமாகத் தயாரித்து வந்த சிறு கம்ப்யூட்டருக்கு சி.பி.எம். வேண்டும்.

கில்டாலுக்கு விமானம் ஓட்டுவதில் மோகம் உண்டு. அன்று காலை தம் விமானத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். உல்லாசமாகப் பறக்கப் போய் அதிர்ஷ்டத்தை இழந்தார் என்று பிற்பாடு கதை கட்டினார்கள். அவர் போனது வியாபார வேலையாகத்தான்.

வந்தவர்கள் ஒரு ரகசிய ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஷரத்துக்கள் எல்லாம் அவர்களுக்கே சாதகம். டோரத்தியும் வக்கீலும் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். மாலையில் திரும்பிப் பேச்சில் கலந்து கொண்டதாகக் கில்டால் சொன்னார். ஐ.பி.எம். தரப்பில் இதை மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும் பேரம் படியவில்லை.

மைக்ரோசாப்ட் கம்பெனி அந்த இடத்தைப் பிடித்தது. சியாட்டில் கம்பெனி ஒன்றில் டிம் பேட்டர்சன் எழுதிய புரோகிராமை வாங்கி, டாஸ் என்ற பெயரில் கொடுத்தது. சி.பி.எம். புரோகிராம்களை அதற்குச் சுலபமாக மாற்றிக் கொள்ளலாம். உத்தரவு போடும் முறையும் அதே சாயல். கில்டால் ஆட்சேபித்தார். அவருடைய புரோகிராமையும் சேர்த்து விற்க ஐ.பி.எம். ஒப்புக் கொண்டது.

அங்கேதான் விழுந்தது அடி. கடையில் டாஸ் விலை 40 டாலர். சி.பி.எம். விலை 240 டாலர். யார் ஆறு மடங்கு கொடுப்பார்கள்? கில்டாலைக் கவிழ்த்தது விமானம் அல்ல. இந்த விலைச் சீட்டு.

கடைசி நாட்கள்

அதற்குப் பிறகும் கில்டால் சும்மா இருக்கவில்லை. 1983 முதல் 1990 வரை டெலிவிஷனில் கம்ப்யூட்டர் பற்றிய நிகழ்ச்சி நடத்தினார். 1985-ம் ஆண்டில் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே சி.டி. தகட்டில் அடக்கிய வேலையில் முன் நின்றார். 1991-ம் ஆண்டு அவருடைய கம்பெனியை நோவெல் கம்பெனி வாங்கியது. இதற்குள் டோரத்தியும் அவரும் பிரிந்து விட்டார்கள்.

1992-ம் ஆண்டில், அவர் படித்த சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் துறையின் வெள்ளி விழா நடந்தது. பேச அழைக்கப்பட்டவர், அங்கே படிக்காத பில் கேட்ஸ். அங்கேயே டாக்டர் பட்டம் வாங்கிய கில்டால் மனம் நொந்து போனார். உட்கார்ந்து தம் கதையை எழுதினார். அது புத்தகமாக வரவில்லை. அதன் முதல் பகுதி, குடும்பத்தாரின் அனுமதியோடு 2016-ம் ஆண்டில்தான் வெளியாயிற்று.

1994-ம் ஆண்டு ஜூலை மாதம் மாண்ட்டரே ஊர் மதுக்கடை ஒன்றில் அவருக்குத் தலையில் அடிபட்டது. தகராறா, தவறி விழுந்தாரா என்பது தெளிவாகவில்லை. மூன்று நாள் கழித்து, 11-ந் தேதி இறந்தார். வயது 52. சியாட்டிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

2014-ம் ஆண்டு, மின் என்ஜினீயர்கள் சங்கத்தார் பசிபிக் குரோவில் அவருடைய பழைய ஆபீஸ் வாசலில் ஒரு நினைவுத் தகடு பதித்தார்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் உத்தரவு போடும் கறுப்புத் திரை இப்போதும் உண்டு. இறக்கிய புரோகிராம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்கு முதலில் போக வேண்டும். சி.டி. என்று தட்டி இடத்தின் பெயரைச் சேர்த்தால் போகலாம். இந்த உத்தரவு மட்டும் கில்டாலின் அந்தப் பழைய சி.பி.எம்.மில் கிடையாது. அங்கே டிர் என்று தட்டினால் ஃபைல் வந்திருப்பது தெரியும். பெயரைத் தட்டி என்டரை அழுத்தினால் ஓடும். திரையின் ஓரத்தில் சி என்ற எழுத்து நிற்கும். ஏ, பி இரண்டும் அந்தக் காலத்து ஃப்ளாப்பி டிஸ்க்குகளுக்குப் போய் விட்டன. பின்னால் வந்த ஹார்டு டிஸ்க்குக்கு மிஞ்சியது சி.